ஆறாம் நாள் காற்று

ஆபீசில் எனக்குத் தராசு என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் கூப்பிட்டதில்லை. டீ வாங்கப் போகிறவரிடம் "தராசுக்குச் சர்க்கரை இல்லாம ஒண்ணு" என்று யாராவது குரல் கொடுப்பது மட்டும் என் அறைவரைக்கும் கேட்கும். நான் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருபத்தாறு வருஷமாகக் காற்றை எடை போடுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

காற்றை எடை போடுவது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். விஷயம் சாதாரணமானதுதான். நகரத்தில் ஒன்பது மொட்டைமாடிகளில் எங்கள் மெஷின்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஜாடி மூடி அளவுக்கு வட்டமாக ஒரு வெள்ளைத் தாள். மெஷின் ஒரு நாள் முழுக்கக் காற்றை அந்தத் தாள் வழியாக உறிஞ்சும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள் எல்லாம் அதில் தங்கிவிடும். போடுவதற்கு முன் ஒரு எடை, எடுத்த பிறகு ஒரு எடை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் அன்றைக்கு ஊர் சுவாசித்தது. அந்தத் தராசு பக்கத்து அறைக் கதவைச் சாத்தினால்கூட எண்ணை மாற்றிவிடும். அதனால் இடுக்கியால் தாளை வைக்கும்போது நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். பழகிப்போய் வீட்டு வாசலில் வெங்காயம் நிறுத்து வாங்கும்போதுகூட மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தினமும் மெஷினை ஓட்ட எங்களுக்கு ஆள் கிடையாது. தாளைப் போட்டு எடுக்க ஒரே ஒருவர். பைக்கில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஒன்பது மாடியும் ஏறி இறங்குகிற பேப்பர்காரர். நிறுக்க நான் ஒருத்தி. அதனால் ஆறு நாளுக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டுவோம். ஏழு என்று வைத்தால் எப்போதும் ஒரே கிழமையில் வந்து நிற்கும். ஆறு என்றால் இந்த முறை வியாழன், அடுத்த முறை புதன் என்று எல்லாக் கிழமையும் மாட்டும். தேதிப் பட்டியல் கையில் இல்லாதவர் அடுத்து எந்த நாள் என்று ஊகிக்க முடியாது, யாரும் நம்மை ஏமாற்றவும் முடியாது என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்தத் தேதிகளை என் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் லீவு போடக் கூடாது என்பதற்காக. அவ்வளவுதான் காரணம்.

குளிர்காலம் வந்தால் எனக்கு வேலை இரட்டிப்பாகும். வெயில் காலத்தில் புகை மேலே ஏறிப் போய்விடும். குளிரில் காற்று எழுந்திருக்கச் சோம்பல்பட்டுக்கொண்டு தரையோடு படுத்திருக்கும். நாம் விடுகிற புகை எல்லாம் நம் தலைக்கு மேலேயே கிடக்கும். தாள்கள் சாம்பல் நிறத்தில் வரும். எங்கே போனாலும் யாராவது என்னைப் பிடித்துக்கொண்டு இதுக்கெல்லாம் யார் காரணம் என்று கேட்பார்கள். கார் வைத்திருப்பவர் லாரியைச் சொல்வார். லாரிக்காரர் செங்கல் சூளையைச் சொல்வார். சூளைக்காரர் குப்பை கொளுத்துகிறவர்களையும் விறகடுப்பு எரிப்பவர்களையும் கை காட்டுவார். எல்லாருக்கும் ஊரான் புகைதான் தெரியும், சொந்தப் புகை யார் கண்ணுக்கும் தெரியாது என்று நான் நக்கலடிப்பேன். அந்த வாயைத்தான் இன்றைக்குத் தைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

என் தம்பி சலவைக்கூடம் வைத்திருக்கிறான். கடை மாதிரி சின்னது இல்லை. ஹோட்டல்கள், ஆஸ்பத்திரிகள் என்று விரிப்பும் உறையும் துண்டுமாக வண்டி வண்டியாக வரும். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். துவைக்க, உலர்த்த, தேய்க்க எல்லாவற்றுக்கும் நீராவி வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய விறகு பாய்லரைத் தூக்கிப் போட்டுவிட்டு கேஸ் பாய்லர் வைத்தான். நான்தான் நச்சரித்து வைக்கச் சொன்னேன். வாசலில் "கேஸில் இயங்கும் புகையில்லாச் சலவை" என்று பெரிதாகப் போர்டு மாட்டினான். அந்தப் போர்டுக்குக் கீழே என்னை நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். அம்மா போன பிறகு நான் தலைவாரி, சட்டைப் பொத்தான் போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவன். அவன் விஷயத்தில் எனக்குக் கண் மறைக்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வதுண்டு. அது பொறாமை என்று நான் காதில் போட்டுக்கொண்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். ஒரு தடவை சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ வந்தவன் காலண்டரைப் பார்த்து, இது என்ன சிவப்பு வட்டம், எனக்குத் தெரியாம ஏதாவது விசேஷமா என்று கேட்டான். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, அதெல்லாம் எங்க மெஷின் ஓடுற நாள், அன்னிக்கு மட்டுமாவது ஊர்ல எல்லாரும் ஒழுங்கா இருந்தா எனக்கு வேலை மிச்சம் என்றேன். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே நான் மறந்துவிட்டேன்.

போன வருஷக் குளிர்காலத்தில் ஒரு புகார் வந்தது. எங்கள் ஏழாம் எண் மெஷின் நூலகக் கட்டடத்தின் மாடியில் இருக்கிறது. அதற்கு அடுத்த தெருவில்தான் தம்பியின் சலவைக்கூடம். புகார் எழுதியிருந்தவர் அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண், தையல்காரர். பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவராம். இரண்டு குளிர்காலமாக விடியற்காலையில் மூச்சு அடைக்கிறது, இருமல் நிற்பதில்லை, எங்கிருந்தோ கரி வந்து விழுகிறது, பஸ்ஸா, பேக்கரியா, குப்பைமேடா என்று தெரியவில்லை, அளந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். இப்படி வாரத்துக்கு நாலு வரும். இதில் வேறொன்றும் இருந்தது. காகிதத்தோடு சேர்த்து ஏழு துணித்துண்டுகளைக் குண்டூசியால் குத்தி அனுப்பியிருந்தார். உள்ளங்கை அளவு வெள்ளைத்துணி, ஓரம் மடித்துத் தைத்தது. ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்க ஜன்னலில் கட்டி வைத்து எடுத்திருக்கிறார். மூலையில் நீல நூலால் தேதியைத் தைத்திருந்தார். மேலாக இருந்தவை கறுத்துக் கிடந்தன.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இருபத்தாறு வருஷம் மூச்சடக்கி நிறுக்கிற என்னிடம் ஒருத்தி ஜன்னலில் துணி கட்டிப் பாடம் நடத்துகிறாளா என்று ஒரு எரிச்சலும் வந்தது. ஏழாம் எண் மெஷினின் கணக்கை எடுத்துப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்க நகரத்திலேயே வெள்ளையான தாள் அங்கேதான் வந்திருந்தது. அந்தத் தெருவில் நீராவி போடுகிற ஒரே பெரிய இடமும் கேஸில் ஓடுகிறது, அதுவும் என் தம்பியுடையது. போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கால் மணி நேரத்தில் பதிலை எழுதிவிட்டேன். அதன் நகல் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

"கண்ணுக்குத் தெரியும் கரி பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். நுரையீரலுக்குள் போவது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். தங்கள் பகுதியில் அதன் அளவு நகரத்திலேயே மிகக் குறைவு. தாங்கள் தையல் தொழில் செய்வதால் துணியிலிருந்து வரும் தூசியே இருமலுக்குக் காரணமாக இருக்கலாம். மருத்துவரை அணுகவும்."

அதிகாரி படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். தராசு எழுதினால் அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவருக்கு நம்பிக்கை. துணித்துண்டுகளைப் புகாரோடு சேர்த்து ஃபைலில் கட்டி அலமாரிக்குள் தள்ளினேன். அதோடு அந்தம்மாவை நான் மறந்துவிட்டேன்.

இந்த வருஷம் குளிர் ஆரம்பித்து மூன்றாவது வாரம். பேப்பர்காரர் தலையைச் சொறிந்துகொண்டு என் அறை வாசலில் நின்றார். ஏழாம் எண் மெஷினுக்குப் புது பேட்டரி போட்டபோது அதன் கடிகாரத்தில் தேதியைத் தப்பாக வைத்துவிட்டாராம். மெஷின் ஓட வேண்டிய நாளில் ஓடாமல், அதற்கு மறுநாள் ஓடியிருக்கிறது. கண்டபடி திட்டினேன். தவறான நாளில் எடுத்த தாள் எங்கள் விதிப்படி செல்லாது. ஒரு கோடு போட்டு ரத்து என்று எழுதிக் கடாசிவிட வேண்டும். எழுதப் பேனாவை எடுத்துவிட்டுத்தான் டப்பியைத் திறந்தேன்.

தாள் கன்னங்கரேலென்று இருந்தது.

பக்கத்தில் எங்காவது தீ விபத்தா என்று கேட்டேன். பேப்பர்காரர் அப்படி எதுவும் கேள்விப்படவில்லை என்றார். மறுபடியும் திட்டு விழுமோ என்று அவர் நழுவப் பார்த்தார். அவரை உட்காரவைத்து டீ சொன்னேன். விதியை மீறி அந்தத் தாளை நிறுத்தேன். வழக்கமாக அந்த இடத்தில் வருவதைப்போல நாலரை மடங்கு. பிறகு செய்யவே கூடாத ஒரு காரியம் செய்தேன், தாளை மூக்கருகே கொண்டுபோனேன். பழைய பெயின்ட்டும் பசையும் கருகின வாடை. விறகு மட்டும் எரிந்தால் அந்த வாடை வராது. பஸ் புகைக்கும் அது கிடையாது. பெயின்ட் அடித்த பலகை எரிந்தால்தான் வரும்.

அடுத்த ஆறு நாளும் ஏழாம் எண் மெஷினைத் தொடர்ந்து ஓட்டச் சொன்னேன். அதிகாரியிடம் மெஷினைச் சோதிக்கிறோம் என்று ஒரு பொய் சொல்லி வைத்தேன். நாலு தாள் கறுப்பாக வந்தது. ஐந்தாவது நாள் எங்கள் பட்டியலில் இருக்கிற நாள், அது பால் போல வெள்ளை. ஆறாவது மறுபடியும் கறுப்பு. மெஷினில் கோளாறு இல்லை. காற்றுக்குத்தான் எங்கள் தேதிகள் தெரிந்திருந்தன.

அப்போதுதான் அந்தத் துணித்துண்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. அலமாரியைக் குடைந்து ஃபைலை எடுத்தேன். அவசரத்தில் குண்டூசி குத்திவிட்டது. ஏழு துணிகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். ஆறு கறுப்பு. ஒன்று மட்டும், நாலாவது, லேசாகப் பழுப்பேறியிருந்ததே தவிர வெள்ளைதான். அதன் மூலையில் நீல நூலில் தைத்திருந்த தேதியைப் போன வருஷப் பட்டியலில் தேடினேன். எங்கள் மெஷின் ஓடிய நாள் அது. அந்தம்மா ஒரு வாரத்தில் பிடித்ததை நான் இரண்டு குளிர்காலமாகப் பிடிக்கவில்லை. அவர் தினமும் அளந்தார், நான் ஆறு நாளுக்கு ஒரு முறை அளந்தேன். அவர் சொன்னதை ஒரு நிமிஷம் வரிசையாக வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றாத அளவுக்கு மண்டைக்கனம்.

தேதிகள் தெரிந்தவர்கள் மொத்தம் மூன்று பேர், அதிகாரி, பேப்பர்காரர், நான். நாலாவதாக என் சமையலறைச் சுவர். ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிற்றுக்கிழமை தம்பி சமையலறைக்குள் போய், காலண்டருக்கு முன்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பான். யாருக்கோ மெசேஜ் அனுப்புகிறான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு சலவைக்கூடத்துக்குப் போனேன். பனியில் எதிர்ச் சாரி வீடுகள் தெரியவில்லை. தெரு முழுக்க அந்த வாடை. வாசலில் போர்டு பளபளவென்று இருந்தது. முன்வாசலைத் தட்டாமல் பக்கத்துச் சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். மூன்று வருஷத்தில் நான் அங்கே கால் வைத்ததே இல்லை. இடித்த வீடுகளிலிருந்து வந்த கதவுகள், ஜன்னல் சட்டங்கள், அலமாரிப் பலகைகள் மதில் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. பச்சை, நீலம், வெள்ளை என்று பெயின்ட் உரிந்த பலகைகள். தகரக் கொட்டகைக்குள் பழைய விறகு பாய்லர் உறுமிக்கொண்டிருந்தது. தூக்கிப் போட்டுவிட்டதாகச் சொன்ன அதே பாய்லர்தான்.

அதற்கு முன்னால் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பலகைகளை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். மூக்கையும் வாயையும் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். இரண்டு பலகை தள்ளுவார், தலையைத் திருப்பி இருமுவார், மறுபடியும் தள்ளுவார். என்னைப் பார்த்ததும் துண்டை இறக்கிவிட்டு எழுந்து நின்றார். முதலாளியோட அக்காதானே நீங்க, ஆபீஸ் ரூம்ல போட்டோ பாத்திருக்கேன், காத்தை அளக்குற ஆபீஸ்ல இருக்கீங்கன்னு முதலாளி சொல்லியிருக்கார் என்றார். பிறகு தயக்கத்தோடு, ஏதோ பழைய உறவைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான்தான் மேடம் அந்தத் துணி அனுப்புன டெய்லர்."

அவரே பேசினார். என் கடிதத்தை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாராம். காற்று சுத்தமா இருக்குன்னு ஆபீஸே சொல்லுது, அப்போ துணித் தூசிதான், தையலை விட்டுடுங்க என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பதினேழு வயதிலிருந்து தைக்கிற கை. ஒரு மாசம் யோசித்துவிட்டு இரண்டு மெஷினையும் விற்றாராம். வீட்டில் துணி ஒரு முழம்கூட இல்லாமல் துடைத்து எடுத்தாராம். வேலை தேடி அலைந்தபோது எதிரே இருக்கிற சலவைக்கூடத்து முதலாளி, அதாவது என் தம்பி, பாவம் பார்த்துக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தானாம். தேய்க்கிற பக்கம் துணித் தூசி வரும், உங்களுக்கு ஆகாது, அதனால பாய்லர்கிட்ட இருங்க என்று அவனே சொன்னானாம்.

இந்தப் புகை உங்களை ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"முதல்ல எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு மேடம். அப்புறம் உங்க லெட்டரை எடுத்து இன்னொரு தடவை படிச்சேன். கண்ணுக்குத் தெரியற கரி மூக்கோட நின்னுடும், தெரியாததுதான் உள்ள போகும்னு எழுதியிருந்தீங்க. இது நல்லாத் தெரியுதே. அதான் மூக்கை மட்டும் கட்டிக்கிட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கேலி இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. வாத்தியார் சொன்னதை ஒழுங்காகச் செய்த பிள்ளையின் முகம்தான் இருந்தது. கரி வருகிற புகையில் நுண்துகளும் சேர்ந்தேதான் வரும். அது எனக்குத் தெரியும். கடிதத்தில் அந்த ஒரு வரியை எழுதவில்லை, அவ்வளவுதான். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே அசிங்கமான நாலு வரி அதுதான், அதை இந்தம்மா பத்திரமாக வைத்திருந்து படித்திருக்கிறார்.

சத்தம் கேட்டுத் தம்பி உள்ளேயிருந்து வந்தான். என்னைப் பார்த்ததும் முகம் தொங்கிப்போயிற்று. சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு நிற்பானே, அப்படி நின்றான். கேஸ் விலை தாங்கவில்லை, பன்னிரண்டு பேருக்கு வேலை கொடுக்க வேண்டும், குளிர்காலத்தில் துணி உலர இரண்டு மடங்கு நீராவி ஆகிறது என்று அடுக்கிக்கொண்டே போனான். எல்லாம் உண்மைதான். நான் காலண்டரைப் பற்றி மட்டும் கேட்டேன். அவன் ஒளிக்கவில்லை.

"நீ மெஷின் ஓட்டுற அன்னிக்கெல்லாம் கேஸ்தான்கா போட்டேன். ஒரு நாள்கூடத் தப்புனதில்ல. உன் தாள் கறுப்பா வந்து உனக்குக் கெட்ட பேர் வரக் கூடாதுன்னு."

"எனக்கா கெட்ட பேர்?"

"நீதானே சொன்ன, அன்னிக்கு மட்டுமாவது ஒழுங்கா இருந்தா போதும்னு."

நான் சொன்னேன்தான். பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னேன். அவன் அதை எனக்குச் செய்கிற உதவியாக எடுத்துக்கொண்டு, நஷ்டத்துக்குக் கேஸ் எரித்து, ஆறு நாளுக்கு ஒரு முறை எனக்கு ஒரு வெள்ளைத் தாளைப் பரிசாகக் கொடுத்து வந்திருக்கிறான். மற்ற ஐந்து நாள் புகையை யார் சுவாசிக்கிறார்கள் என்று அவனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவனை அறைய வேண்டும்போல ஆத்திரம் வந்தது. அறைவதென்றால் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் அறைய வேண்டும்.

டெய்லரம்மா பலகை ஒன்றைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது முழுக்க அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டுதுண்டாக வெட்டிய துணியைச் சட்டையாகச் சேர்க்கத் தெரிந்தவருக்கு இதைச் சேர்ப்பதா கஷ்டம். பலகையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அப்போ என் இருமல் துணியால வரலையா மேடம்?"

"இல்லைம்மா."

"நான் தச்சுக்கிட்டே இருந்திருக்கலாமா?"

"இருந்திருக்கலாம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். கொட்டகைக்கு வெளியே போய் அடுக்கியிருந்த கதவுகளில் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். பனி விலகியிருந்தது, உட்கார்ந்த இடத்திலிருந்து சந்து வழியாகப் பார்த்தால் எதிர்ச் சாரியில் அவர் வீட்டு ஜன்னல் தெரியும். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாய்லர் பசியெடுத்து அடங்க ஆரம்பித்தது. யாரும் அதற்குத் தீனி போடவில்லை.

அன்றே அதிகாரியிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன். காலண்டரையும், தம்பியையும், நான் எழுதிய பதிலையும். பூசி மெழுகாமல் எழுதியது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதிகாரி எனக்காகப் பரிந்துபேசினார், தம்பி பெயரை எழுதாமல் ஒரு தனியார் நிறுவனம் என்று போடலாமே என்றார். வேண்டாம் என்றேன். நாலு நாளில் வந்து பழைய பாய்லருக்குச் சீல் வைத்தார்கள். அபராதமும் போட்டார்கள். இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியதாகக் கேள்விப்பட்டேன். தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. அவன் கோபம் நியாயமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. மதியம் பன்னிரண்டரை ஆனால் இன்னும் ஒரு தட்டை அதிகமாக எடுத்து வைத்துவிடுகிறேன், பிறகு உள்ளே வைக்கிறேன். என்மேலும் விசாரணை வைத்தார்கள். கண்டித்து ஒரு கடிதம் கொடுத்து, தாள்களை இன்னொருத்தர் கையில் ஒப்படைத்துவிட்டு ஃபைல் அலமாரிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அது எனக்குப் போதாது என்றுதான் பட்டது.

குளிர் குறைந்த பிறகு ஒரு காரியம் செய்தேன். நல்ல தையல் மெஷின் ஒன்று, காலால் மிதிப்பது, வாங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு டெய்லரம்மா வீட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம், எதையோ சரிசெய்யப் போகிறோம் என்று மனசுக்குள் ஒரு தெம்பு இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவர் கதவைத் திறந்து மெஷினைப் பார்த்தார். என்னைத் திட்டி அனுப்பியிருக்கலாம். உள்ளே கொண்டுவரச் சொன்னார். ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லி, சக்கரத்தைத் தடவிப் பார்த்தார், ஊசியைக் கழற்றி மாட்டினார், நூல் கோத்தார். கண்ணாடி போடாமலே கோத்தார். முகம் பத்து வயது குறைந்ததுபோல ஆயிற்று. எங்கிருந்தோ ஒரு பழைய தலையணை உறையை எடுத்து மடித்து ஊசிக்குக் கீழே வைத்து மிதிக்க ஆரம்பித்தார்.

அரை முழம் நேராக ஓடியிருக்கும். கால் நின்றது. மெஷின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். நெஞ்சுக்குள் கிழிசல் சத்தம் எனக்குக் கேட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு மறுபடியும் மிதித்தார். இந்தத் தடவை ஒரு சாண்கூடப் போகவில்லை. மூன்றாவது தடவை காலை எடுத்து மிதியில் வைத்தார், வைத்துவிட்டு அப்படியே இருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். பாதி நுரையீரல்தான் வேலை செய்கிறது, போன வருஷம் இவ்வளவு மோசம் இல்லை, இந்த ஒரு வருஷத்தில்தான் என்று சொன்னாராம். போன வருஷம் அவர் தைத்துக்கொண்டிருந்தார். இந்த ஒரு வருஷம் பாய்லருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

கரன்டில் ஓடுகிற மெஷினாக மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். குனிந்து உட்கார்ந்தாலே அடைக்கிறது என்று சொல்லிவிட்டு, நூலை வாயால் கடித்து அறுத்தார். தைத்தவரையில் உறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தையல் ஒரு இம்மிகூடக் கோணவில்லை. அதை மடித்து என் மடியில் வைத்தார். மெஷினின் மூடியைச் சாத்தி, தூசி படியாமல் ஒரு துண்டால் போர்த்தினார்.

"நல்ல மெஷின் மேடம். மூச்சு இருக்கறவங்க யாருக்காவது குடுங்க."